‘காட்டன்’ சூதாட்டம்: நியூயார்க் பருத்தி விலைக்கும் திருத்தணிக்கும் என்ன சம்பந்தம்?

‘காட்டன் சூதாட்டம் நடத்தியவர் கைது. துண்டுச் சீட்டுகள், செல்போன், ரொக்கம் பறிமுதல்.’

வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டங்களின் போலீஸ் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்த மூணு வரி ரொம்பப் பழக்கம். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், டீக்கடை ஓரம் என்று இடம் மாறும். பிடிபடும் தொகை மாறும். ‘காட்டன்’ என்ற பெயர் மட்டும் மாறாது.

திருத்தணி வட்டாரத்தில் இந்தப் பெயர் கொஞ்சம் குழப்பத்தைத் தரும். காரணம், இது தறி ஓடும் பூமி. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றிலும் நெசவு ஊர்கள். எல்லையைத் தாண்டினால் நகரி, அங்கேயும் விசைத்தறிச் சத்தம்தான். இந்த ஊர்களில் காட்டன் என்றால் நூல், சேலை, வேட்டி. அதற்கும் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதி விளையாடும் சூதாட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. ஆனால், அது உள்ளூர்த் தறியில் இல்லை. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் மும்பை வழியாக நியூயார்க் பருத்திச் சந்தைக்குப் போகும். இன்னும் கொஞ்சம் இழுத்தால், 1930-களின் பெருமந்த காலத்து அமெரிக்க கேங்ஸ்டர்கள் வரைக்கும் போகும்.

காட்டன் சூதாட்டம் எப்படி நடக்கும்?

சிம்பிளாகச் சொன்னால், வரப்போகும் ஒரு நம்பரை யூகித்துப் பணம் கட்டுவது. 0 முதல் 9 வரை ஏதாவது ஒரு நம்பருக்குக் கட்டலாம். இரண்டு இலக்க நம்பருக்குக் கட்டலாம். மூன்று இலக்கத்துக்கும் கட்டலாம். பணத்தை வாங்கும் ஏஜென்ட் ஒரு துண்டுச் சீட்டில் நம்பரையும் தொகையையும் எழுதித் தருவார். இப்போது அந்தச் சீட்டின் இடத்தை பல ஊர்களில் வாட்ஸ்அப் மெசேஜ் பிடித்துவிட்டது.

ரிசல்ட் எங்கிருந்தோ வரும். பழைய மட்கா முறைப்படி மூன்று சீட்டுகளை எடுத்துக் கூட்டி, கடைசி இலக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 3, 6, 8 வந்தால் கூட்டுத்தொகை 17. ‘ஓப்பன்’ நம்பர் 7. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் மூன்று சீட்டு. அதில் 2 வந்தால் அது ‘குளோஸ்’. இரண்டையும் சேர்த்தால் 72, இது ஜோடி.

ஒற்றை நம்பர் சரியாக விழுந்தால் வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பது கிடைக்கும். ஜோடி விழுந்தால் ஒன்றுக்குத் தொண்ணூறு. 10 ரூபாய் கட்டினால் 900 ரூபாய். ஆசை பிறப்பது இந்த இடத்தில்தான்.

ஓப்பன், குளோஸ் என்ற சொற்களைக் கவனியுங்கள். இவை சீட்டாட்டச் சொற்கள் கிடையாது. சந்தை திறக்கும்போது என்ன விலை, மூடும்போது என்ன விலை என்று கேட்கும் சொற்கள். விளையாட்டு எங்கே பிறந்தது என்பதற்கான அடையாளம் அதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘காட்டன்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

நியூயார்க் காட்டன் எக்ஸ்சேஞ்ச் 1870-ல் தொடங்கப்பட்டது. அங்கே பருத்தி என்ன விலையில் திறந்தது, என்ன விலையில் மூடியது என்ற தகவல் கடல் கடந்து பம்பாய் பருத்திச் சந்தைக்கு வந்தது. வியாபாரிகளுக்கு அது தொழில் தகவல். சந்தைக்கு வெளியே நின்றவர்களுக்கோ வேறொரு வாய்ப்பு. அந்த விலையின் கடைசி இலக்கங்கள் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இது நடந்தது. ‘அங்கடா ஜுகார்’ என்று பெயர். அதாவது, இலக்கச் சூது.

இந்தியாவில் இப்படி இலக்கத்தின் மேல் பந்தயம் கட்டுவது புதுசும் இல்லை. மழை பெய்யுமா, எவ்வளவு பெய்யும் என்று பந்தயம் கட்டுவது கல்கத்தாவில் எந்த அளவுக்குப் போனது என்றால், அதைத் தடுக்கவே 1897-ல் வங்காளத்தில் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

பருத்தி விலையில் ஒரு வசதி இருந்தது. பம்பாயில் இருக்கும் எந்த தாதாவாலும் நியூயார்க் சந்தை விலையை மாற்ற முடியாது. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு நம்பர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். இந்த நம்பிக்கைதான் சூதாட்டத்தின் முதலீடு.

1961-ல் அந்த வரத்து நின்றுபோனது. நியூயார்க்கிலிருந்து வரும் இலக்கத்தை வைத்து ஆடியவர்களுக்கு இனி என்ன செய்வது என்ற கேள்வி. பதில் சொன்னவர்கள் இருவர். கட்ச் பகுதியிலிருந்து வந்து வொர்லியில் மளிகைக் கடை நடத்திய கல்யாண்ஜி பகத் 1962-ல் தன் ஆட்டத்தைத் தொடங்கினார். பிரிவினையின்போது கராச்சியிலிருந்து வந்த சிந்திக்காரர் ரத்தன் காத்ரி 1964-ல் தன்னுடையதைத் தொடங்கினார். நம்பர்களை எழுதி ஒரு பானைக்குள் போட்டு எடுத்தார்கள். பானைக்கு அங்கே ‘மட்கா’ என்று பெயர். பிறகு பானை போய் சீட்டுக்கட்டு வந்தது. ஆட்டத்துக்கு மட்கா என்ற பெயர் நிலைத்தது.

அதற்குப் பணம் கட்டியவர்களில் பெரும்பகுதியினர் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள். பருத்தியை நூலாக்கிய கைகளே, பருத்தி விலையின் பெயரால் வந்த சூதில் கூலியைக் கட்டின. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மூடப்பட, மட்காவின் பெரிய சந்தையும் சுருங்கியது.

ஆந்திராவின் ராயலசீமைப் பகுதியில் இன்றும் இதை மட்கா என்றே சொல்கிறார்கள். வட தமிழகத்தில் அதற்கும் முந்தைய பெயர் நின்றுவிட்டது. திருத்தணி இந்த இரண்டு பெயர்களும் காதில் விழும் எல்லை ஊர்.

அமெரிக்க கேங்ஸ்டர்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

பம்பாயில் பருத்தி விலையை வைத்து ஆடிய அதே காலகட்டத்தில், நியூயார்க்கிலேயே இதன் இரட்டைப் பிறவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ‘நம்பர்ஸ்’ என்று பெயர். மூன்று இலக்க நம்பரை யூகித்து சில சென்ட் காசு கட்டுவது. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் தெருவுக்குத் தெரு இது நடந்தது.

அங்கேயும் எல்லோரும் நம்பும் ஒரு நம்பர் தேவைப்பட்டது. அதற்கு வழி கண்டவராக காஸ்பர் ஹோல்ஸ்டீன் பெயரைச் சொல்வார்கள். வங்கிகள் தங்களுக்குள் காசோலைகளைத் தீர்த்துக்கொள்ளும் கிளியரிங் ஹவுஸ் தினமும் வெளியிடும் மொத்தத் தொகையிலிருந்து இலக்கங்களை எடுத்தார்கள். மறுநாள் பத்திரிகையிலேயே ரிசல்ட் வந்துவிடும். பம்பாய்க்குப் பருத்திச் சந்தை, ஹார்லெமுக்கு வங்கிக் கணக்கு.

1930-களின் தொடக்கத்தில் கிளியரிங் ஹவுஸ் துல்லியமான தொகையை வெளியிடுவதை நிறுத்தி, முழு எண்ணாக்கிக் கொடுக்க ஆரம்பித்தது. ஆட்டம் நின்றதா? இல்லை. குதிரைப் பந்தய மைதானங்களில் கட்டப்பட்ட மொத்தப் பணத்தின் இலக்கங்களுக்குத் தாவியது.

1929-ல் பங்குச் சந்தை சரிந்து, பெருமந்தம் வந்திருந்தது. வேலை போனவர்கள் கையில் மிஞ்சியது சில்லறை. அந்தச் சில்லறை மொத்தமாகச் சேர்ந்தால் எவ்வளவு பெரிய பணம் என்று டச் ஷுல்ட்ஸ் புரிந்துகொண்டார். ஆர்தர் ஃபிளெகன்ஹைமர் என்பது அவரது உண்மைப் பெயர். மதுவிலக்கு காலத்தில் கள்ள பீர் விற்றுப் பணம் சேர்த்த கேங்ஸ்டர். 1931 நவம்பரில், நிறைய பேர் கட்டியிருந்த ஒரு நம்பர் விழுந்து, ஹார்லெமின் சூதாட்ட முதலாளிகள் பலர் கொடுக்கப் பணமில்லாமல் தவித்தார்கள். ஷுல்ட்ஸ் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். ஸ்டெஃபனி செயின்ட் கிளேர் போன்ற ஒரு சிலர்தான் எதிர்த்து நின்றார்கள்.

1933 டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. கள்ளச் சாராயத்தில் வந்த வருமானம் போனது. சில்லறைச் சூதாட்டம் கேங்ஸ்டர்களுக்கு முன்பைவிட முக்கியமாகிப் போனது.

அடுத்து நடந்ததுதான் பாடம். ஷுல்ட்ஸிடம் ஓட்டோ பெர்மன் என்ற கணக்குப் புலி இருந்தார். பந்தய மைதானத்தில் கடைசி நேரத்தில் எவ்வளவு பணம் கட்டினால் இறுதி இலக்கம் மாறும் என்று மனக்கணக்காகவே போடுவார். நிறைய பேர் கட்டிய நம்பர் விழாமல் பார்த்துக்கொள்வதே வேலை. ‘யாராலும் மாற்ற முடியாத நம்பர்’ என்று நம்பித்தான் ஜனங்கள் கட்டினார்கள். அது மாற்றப்பட்டுக்கொண்டிருந்தது.

1935 அக்டோபர் 23 இரவு, நியூ ஜெர்சி மாநிலம் நியூவார்க்கில் ஓர் உணவகத்தில் ஷுல்ட்ஸ் கூட்டாளிகளோடு சுடப்பட்டார். மறுநாள் இறந்தார். பெர்மனும் அந்தத் தாக்குதலில் இறந்தார். இவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்த அரசியல் தலைவர் ஜிம்மி ஹைன்ஸ் 1939-ல் தண்டிக்கப்பட்டார்.

கேங்ஸ்டர் போனார், கதை நின்றது

ஷுல்ட்ஸ் இறக்கும்முன் காய்ச்சலில் பிதற்றியதை போலீஸ் ஸ்டெனோகிராஃபர் ஒருவர் எழுதி வைத்தார். அந்தப் பிதற்றலில் புதையல் குறிப்பு இருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியது. கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஃபினிஷியா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், இரும்புப் பெட்டிக்குள் பணமும் வைரமும் புதைத்து வைத்தார் என்பார்கள். கிட்டத்தட்ட 90 வருஷமாக ஆட்கள் தோண்டிப் பார்க்கிறார்கள். பெட்டி கிடைக்கவில்லை.

ஆர்கன்சா மாநிலத்தின் ஹாட் ஸ்பிரிங்ஸ் இன்னும் ஒரு படி மேல். வெந்நீர் ஊற்றில் குளித்தால் நோய் தீரும் என்று வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருந்த ஊர். சட்டவிரோதச் சூதாட்டம் அங்கே பல பத்தாண்டுகள் பட்டப்பகலில் நடந்தது. ஹார்லெமின் புகழ்பெற்ற ‘காட்டன் கிளப்’ நைட் கிளப்பை நடத்திய ஓனி மேடன் 1930-களின் நடுவில் அங்கேதான் குடியேறினார். அல் கபோன் தங்கியதாகச் சொல்லப்படும் ஹோட்டல் அறை எண் 442. அந்த அறையைக் கேட்டு வருபவர்கள் இன்றும் உண்டு. பழைய சூதாட்டக் கிளப் இருந்த கட்டடம் இன்று மெழுகுச் சிலைக் காட்சியகம். ஊரில் கேங்ஸ்டர் மியூசியமே இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரை ஆட்டிப் படைத்தவர்கள் இப்போது டிக்கெட் போட்டுக் காட்டப்படுகிறார்கள்.

இந்தியாவிலும் இதே கதைதான். ரத்தன் காத்ரியை நினைவூட்டும் பாத்திரத்தோடு 1975-ல் ‘தர்மாத்மா’ என்ற இந்திப் படம் வந்தது. சீட்டு எடுப்பதில் சந்தேகம் வரக் கூடாது என்று கூட்டத்தில் இருப்பவரையே எடுக்கச் சொல்வாராம், சினிமா நட்சத்திரங்கள்கூட வந்து எடுத்தார்களாம் என்று கதைகள் உண்டு. எமர்ஜென்சியில் சிறைக்குப் போனார். 2020-ல் காலமானார். 2024-ல் வருண் தேஜ் நடித்து ‘மட்கா’ என்ற பெயரிலேயே தெலுங்குப் படம் வந்தது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஓர் ஒற்றுமை. தாதா இருப்பார், அவருடைய கிளப் இருக்கும், கார் இருக்கும், புதைத்த பெட்டி இருக்கும். நம்பர் கட்டித் தோற்றவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஹார்லெமில் சென்ட் சென்ட்டாகக் கட்டிய சலவைத் தொழிலாளியின் பெயர் எந்த மியூசியத்திலும் கிடையாது. ஊர்ப் பேச்சிலும் இதுவே வழக்கம். எப்போதோ ஒருநாள் ஜோடி அடித்தவர் கதை இருபது வருஷம் சுற்றும். அடிக்காதவர் கதையை அவர் வீட்டில் மட்டும்தான் பேசுவார்கள்.

எல்லை ஊரின் கணக்கு

திருத்தணி 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டம், அதன்பின் பட்டாஸ்கர் பரிந்துரை என்று நீண்ட கதைக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இடம் நகரவே இல்லை, மேலே இருந்த அரசு மட்டும் மாறியது.

இதில் ஒரு சுவாரசியமான தேதிப் பொருத்தம் உண்டு. அமெரிக்கா மதுவிலக்கைக் கைவிட்டது 1933-ல். ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது 1937 அக்டோபரில். அடுத்த வருஷமே சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு நீட்டித்தார்கள். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அதற்குள் வந்தது. கேங்ஸ்டர்களை வளர்த்துவிட்டது என்று அமெரிக்கா கைகழுவிய சட்டம், ஐந்து வருஷத்தில் இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது.

சூதாட்டச் சட்டம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. பெருமந்தத்தால் விளைபொருள் விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த 1930-ல் சென்னை மாகாண சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டது. சென்னை நகரத்துக்கு 1888-ன் போலீஸ் சட்டம் இருந்ததால், இது மற்ற ஊர்களுக்கானது. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் என்ற பெயரில் இன்றும் அமலில் இருக்கிறது. ஆந்திரா 1974-ல் தனக்கெனச் சட்டம் போட்டுக்கொண்டது. ஆக, பொன்பாடி சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் இன்னொரு சட்டம். சாவடியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். போனில் போகும் நம்பரை எந்தச் சாவடியும் நிறுத்த முடியாது.

1930 சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் ஆச்சரியம். பருத்தி விலையின் மீதும், அந்த விலையைக் குறிக்கும் எண்ணின் இலக்கங்கள் மீதும் பந்தயம் நடத்துவது குற்றம் என்று அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. தங்கம் வெள்ளி விலை, பங்கு விலை, மழை பெய்வது பெய்யாதது, மழையளவின் இலக்கம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. போலீஸ் செய்தியில் வரும் ‘காட்டன்’ வெறும் கொச்சைப் பேச்சு கிடையாது. சட்டப் புத்தகத்திலேயே அந்தப் பருத்தி உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் தெரியும். வீடு, அறை, கூடாரம், வண்டி, கப்பல் என்று சட்டம் அடுக்குவதெல்லாம் இடங்கள். சூதாட்டம் என்றால் ஓர் இடத்தில் கூடி ஆடுவது என்பதுதான் அதன் அடிப்படை. தோப்பு, ஏரிக்கரை, கடைக்குப் பின்னால் இருக்கும் அறை என்று போலீஸ் போய்ப் பிடித்தது அதனால்தான். இன்றைக்கு அந்த ‘கிளப்’ ஆறங்குல ஸ்கிரீனுக்குள் இருக்கிறது.

365 படிக்கட்டுக் கணக்கு

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படி. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறுவார்கள். அதே படிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் தினமும் 10 ரூபாய் ஒற்றை நம்பருக்குக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்தில் எந்தக் கள்ளத்தனமும் இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 3,650 ரூபாய். பத்தில் ஒரு முறை விழும், சராசரியாக 36 அல்லது 37 தடவை. ஒவ்வொரு தடவையும் 90 ரூபாய். கைக்குத் திரும்புவது சுமார் 3,285. நஷ்டம் 365 ரூபாய். படிக்கு ஒரு ரூபாய்.

‘அவ்வளவுதானா?’ என்று தோன்றும். ஆட்டம் ஆளைப் பிடித்து வைப்பது இதனால்தான். மாதத்தில் மூன்று தடவை ஜெயித்த நினைவு இருக்கும். மீதி 27 நாள் மறந்துபோகும்.

மூன்று இலக்க நம்பருக்குப் போனால் நிலைமை வேறு. விழும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஹார்லெமில் கொடுத்ததுபோல ஒன்றுக்கு 600 கொடுத்தாலும், கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 40 ரூபாய் நடத்துபவருக்கு. தினமும் ஒரு நம்பர் கட்டினால், வருஷம் முழுக்க ஒரு தடவைகூட விழாமல் போக 100-க்கு 69 வாய்ப்பு.

இன்னும் பெரிய ஆபத்து, ‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று கிளம்புவது. இன்று 10 ரூபாய் போனால் நாளை 20, மறுநாள் 40 என்று இரட்டிப்பாக்கிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. ஒற்றை நம்பரில் தொடர்ந்து பத்து நாள் விழாமல் போக, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு இருக்கிறது. அப்படி நடந்தால் பத்தாம் நாள் முடிவில் போன பணம் 10,230 ரூபாய். பதினோராம் நாள் கட்ட வேண்டியது 10,240. பத்து ரூபாயில் ஆரம்பித்த ஆட்டம் இது.

இதெல்லாம் நேர்மையாக நடந்தால். நம்பரை நடத்துபவரே முடிவுசெய்தால்? மொத்தம் ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது, ஒரு நம்பருக்கு 40 ரூபாய்தான் கட்டியிருக்கிறார்கள் என்றால், அதையே ரிசல்ட்டாக அறிவித்தால் போதும். 360 ரூபாய் கொடுத்துவிட்டு 640 ரூபாயைச் சுருட்டலாம். பெர்மனுக்கு இதற்கு மனக்கணக்குத் திறமை வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு மொபைல் கால்குலேட்டர் போதும்.

சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பஸ் நம்பரிலும், டோக்கனிலும், ராத்திரி வந்த கனவிலும் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹார்லெமிலும் ‘கனவுக்கு இந்த நம்பர்’ என்று சொல்லும் புத்தகங்கள் அமோகமாக விற்றன. கனவு யாருக்கு எப்படி வந்தாலும் பத்தில் ஒன்று, பத்தில் ஒன்றுதான்.

அப்படியானால் ரம்மி? லாட்டரி? ஆன்லைன்?

திறமைதான் முக்கியம் என்கிற ஆட்டங்களுக்கு 1930 சட்டம் விலக்கு தருகிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூணு சீட்டு மாதிரியான ஆட்டங்கள் அந்த வரிசையில் வராது. ஆன்லைன் ரம்மி நிறுவனங்கள் பல வருஷமாகப் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு இந்தத் தீர்ப்புதான். காட்டனுக்கு அந்தக் கொம்பும் இல்லை. மூன்று சீட்டின் கூட்டுத்தொகையை யூகிப்பதில் திறமைக்கு வேலையே இல்லை.

ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த தனிச் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

லாட்டரியைத் தமிழ்நாட்டில் 1968-ல் அரசே தொடங்கியது. 2003-ல் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. அதன்பிறகு கேரள லாட்டரி ரிசல்ட்டின் கடைசி இலக்கங்களை வைத்து ‘மூணு நம்பர்’ என்ற கள்ள ஆட்டம் கிளம்பியது. பருத்திச் சந்தை, கிளியரிங் ஹவுஸ், குதிரைப் பந்தயம் போலவே இங்கேயும் ஆட்டத்துக்குத் தேவைப்பட்டது வெளியிலிருந்து வரும், நம்பகமான ஒரு நம்பர். கேரள அரசு தன் லாட்டரிக்காக வெளியிடும் ரிசல்ட்டை, தமிழ்நாட்டு ஏஜென்ட் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்கிறார். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பம் மொத்தமும், மூன்று பெண் குழந்தைகள் உட்பட, இந்த மூணு நம்பர் கடனில் அழிந்தது.

நியூயார்க்கில் வேறு வழி எடுத்தார்கள். 1980-ல் மாநில அரசே ‘நம்பர்ஸ்’ என்ற பெயரில் மூன்று இலக்க ஆட்டத்தைத் தன் லாட்டரியில் சேர்த்தது. தாதா இருந்த இடத்தில் அரசு உட்கார்ந்தது. கட்டியவர்களுக்குக் கணக்கு பெரிதாக மாறவில்லை.

எங்கே அறுக்கலாம்?

நம்பர் வரும் வழியை அடைத்தால் ஆட்டம் நிற்கவில்லை என்பதை 1931 சொன்னது, 1961-ம் சொன்னது. தாதா செத்தாலும் நிற்கவில்லை. எளிய ஆளின் பத்து ரூபாய் இருக்கும் வரை யாராவது ஒருவர் புதிதாக ஒரு நம்பர் கொண்டுவருகிறார். கைதாகும் செய்திகளில் பெரும்பாலும் இருப்பதும் சீட்டு எழுதும் கடைசி ஏஜென்ட்தான்.

வாரக் கூலி வாங்கும் வீட்டில் இது முதலில் தெரிவது சின்னச் சின்ன விஷயங்களில்தான். மளிகைக் கடைப் பாக்கி கூடும். சீட்டுப் பணம் தள்ளிப்போகும். அடகுக்குப் போன நகை திரும்ப வராது. பிறகு மீட்டர் வட்டிக்காரர் வாசலுக்கு வருவார். நம்பர் கட்டுகிறவரிடம் ‘எவ்வளவு ஜெயிச்ச?’ என்று கேட்டால் உடனே பதில் வரும். ‘இந்த மாசம் மொத்தம் எவ்வளவு கட்டின?’ என்று கேட்டால் யோசிப்பார். அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுத வைத்தாலே, ஆட்டத்தின் முழுக்கணக்கும் முதல் தடவையாக வெளியே வரும்.

ஃபினிஷியா மலையில் ஷுல்ட்ஸின் பெட்டியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதில் இருப்பதாகச் சொல்லப்படும் பணத்தில் ஒரு பங்கு, ஹார்லெமில் சில்லறை சில்லறையாகக் கட்டியவர்களுடையது. அதைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

(சூதாட்டப் பழக்கத்தாலோ கடனாலோ மனம் உடைந்திருந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். பேசினால் வழி பிறக்கும்.)